அஞ்சறைப் பெட்டி பாங்க்

மாசத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் 1-ம் தேதி. பிடிக்காத நாள் 2-ம் தேதி. முதல் நாள் சம்பளம் வரும். மறுநாள் வீட்டு லோன், பைக் லோன், போன வருஷம் ஆசைப்பட்டு வாங்கின டி.வி.யின் தவணை எல்லாம் வரிசையாக வந்து, வந்த சுவடு தெரியாமல் வாரிக்கொண்டு போய்விடும். 3-ம் தேதியிலிருந்து நானும் ஏழைதான். இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஏழை.

இப்பேர்ப்பட்ட ஆசாமி, சிக்கனம் பற்றி இன்னொருவருக்கு அட்வைஸ் பண்ணினால் எப்படி இருக்கும்? பண்ணினேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எங்கள் அபார்ட்மெண்டில் நாலு வீட்டுக்கு வேலை செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். பெயர் எழுத மாட்டேன். "பேரு கீரு போட்றாதீங்க ஸார், வட்டிக்காரரு படிச்சிடுவாரு" என்று கண்டிஷன். வட்டிக்காரர் என் பத்தியைப் படிப்பவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்றாலும், வாக்கு வாக்குதான். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அந்தம்மா'.

2023 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. குடும்பத் தலைவிக்கு மாசம் 1,000 ரூபாய், நேராக பாங்க் கணக்கில். ஆரம்பத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்கள். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் செலவு செய்திருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். "நானும் குடும்பத் தலைவிதானே, எழுதிப் போடட்டுமா?" என்றாள் என் மனைவி. நான் பேசாமல் பெட்ரூம் ஏ.ஸி.யைக் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தம்மாவுக்குப் பணம் ஒரு நாள் முன்பே வந்துவிட்டது. போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஸார், இத்தப் படிச்சுச் சொல்லுங்க."

"ஆயிரம் வந்திருக்கும்மா. சந்தோஷம்."

"அது தெரியும் ஸார். கீழ இன்னொண்ணு கீதே, அது இன்னா?"

கீழே இன்னொரு எஸ்.எம்.எஸ். 590 ரூபாய் கழிக்கப்பட்டதாக. ஆயிரம் வந்த கொஞ்ச நேரத்தில் பாதிக்கு மேல் காலி. எனக்காவது 2-ம் தேதி வரைக்கும் டைம் கொடுப்பார்கள்.

மறுநாள் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அவருடன் பாங்குக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மினிமம் பாலன்ஸ் வெக்கலை ஸார். பழைய பாக்கி. ஜி.எஸ்.டி.யோட 590. கிரெடிட் வந்ததும் சிஸ்டம் எடுத்துக்கிச்சு."

பாங்கில் மனிதர்கள் எதுவும் செய்வதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். எல்லாம் சிஸ்டம்தான் செய்கிறது.

அந்தம்மா கவுண்ட்டர் கம்பி வழியாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்க கேக்குற மினிமம் என்கிட்ட இருந்தா, நான் எதுக்குய்யா ஆயிரத்துக்கு எழுதிப் போடப்போறேன்?"

சிஸ்டத்திடம் பதில் இல்லை.

இது அவருக்கு மட்டும் நடந்த கதை அல்ல. அந்த மாசம் பல ஊர்களில் இதே புகார். உரிமைத் தொகையிலிருந்து சர்வீஸ் சார்ஜ் எதையும் கழிக்கக் கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு பாங்குகளுக்கு அறிக்கை விடும்படி ஆயிற்று. அந்தம்மாவின் 590 பத்து நாளில் திரும்பி வந்தது. ஆனால் அன்று பாங்கிலிருந்து திரும்பும்போதே எனக்கு ஒன்று தெரிந்தது. தப்பு, கணக்கின் ரகத்தில் இருக்கிறது. 2015-ல் காஸ் மானியத்துக்காக யாரோ நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது சாதாரண சேமிப்புக் கணக்கு. மினிமம் பாலன்ஸ் உள்ள ரகம்.

இதற்கு மாற்று, 2012-லிருந்தே இருக்கிறது. 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. மினிமம் பாலன்ஸ் கிடையாது. ஏ.டி.எம். கார்டுக்குக் காசு கிடையாது. மாசம் நாலு தடவையாவது இலவசமாகப் பணம் எடுக்கலாம். 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன் தன் கணக்குகள் இந்த வகைதான். பழைய கணக்கையே இந்த வகைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஒரு வெள்ளைத் தாள் போதும். அந்தம்மாவுக்கு நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். இனி மேல் கதாநாயகன் கொஞ்சம் வில்லன்.

* * *

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசமும் 15-ம் தேதி ஒரு வேடிக்கை நடக்கும். அந்தம்மா வேலை முடிந்து தெருமுனை ஏ.டி.எம்.முக்குப் போவார். பணம் எடுக்க அல்ல, பார்க்க. பாலன்ஸ் ஸ்லிப்பை எடுத்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். நாலு நாள் கழித்து மறுபடி போய் ஒரு ஸ்லிப்.

"என்னம்மா, தினம் தினம் பாத்தா குட்டி போடுமா?" என்று கிண்டல் பண்ணினேன்.

"குட்டி போட வேணாம் ஸார். போட்ட கோழி இருக்குதான்னு பாக்குறேன்."

சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலின் ஆழம் பிறகுதான் தெரிந்தது. சொல்கிறேன்.

2024 ஜூன். மகளுக்குக் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்ட 10,000 ரூபாய் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்து நின்றார். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டார். ரெண்டே மாசத்தில் தந்துவிடுவதாகச் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொடுத்திருக்க வேண்டும். அல்லது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டும் இல்லாமல் மூன்றாவதைச் செய்தேன். "மாசாமாசம் ஆயிரம் வருதே, அதைக் கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கக் கூடாதாம்மா?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விரல் மடித்தார்.

"மகளிர் குழுல மாசம் நூறு போடுறேன். அது ஒண்ணு. தீபாவளிச் சீட்டுல ஐந்நூறு ஐந்நூறா போட்டேன், நடத்துனவரு போன வருசம் கம்பி நீட்டிட்டாரு. அது ரெண்டு. காதுல கெடந்த தோடு அடகுல இருக்கு, அது மூணு. வீட்டுல அஞ்சறைப் பெட்டில கடுகுக்குக் கீழ எப்பவும் எரநூறு, முந்நூறு இருக்கும். அவருக்குத் தெரிஞ்சா போயிடும். அது நாலு. நீங்க எத்தினி எடத்துல ஸார் சேக்குறீங்க?"

என் சேமிப்பு ஒரு இடத்தில்தான் இருந்தது. பூஜ்யத்தில்.

அந்தம்மா "சரி ஸார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனோம். பில் 1,840 ரூபாய். கிரெடிட் கார்டைத் தேய்த்தேன்.

* * *

ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்பது நம்மைப் போன்ற மாசச் சம்பளக்காரர்களின் மூடநம்பிக்கை. உண்மை வேறு. அவர்கள் சேமிப்பதற்குக் கூலி கொடுக்கிறார்கள்.

நம்ப முடியவில்லை என்றால் விஜயவாடாவுக்கு வாருங்கள். ஏழைகளின் வரவு செலவை ஆயுசெல்லாம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்ட் என்கிற ஆங்கிலேயர், அந்த ஊர்க் குடிசைப் பகுதியில் ஒரு பெண்மணியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் வீடு வீடாகப் போய் சேமிப்பு வசூலிப்பவர். கையில் ஒரு அட்டை, அதில் 220 கட்டம். ஒரு கட்டத்துக்கு 5 ரூபாய். அட்டை நிரம்பினால் மொத்தம் 1,100. திருப்பித் தருவது 1,000. நூறு ரூபாய் அவர் கூலி.

கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 30 சதவீதம் வட்டி. வாங்குகிற வட்டி அல்ல, கொடுக்கிற வட்டி! ஆனாலும் பெண்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். ஏன்? ஒருத்தர் தினம் வாசலில் வந்து நின்று கேட்டால்தான் அந்த ஐந்து ரூபாய், டீக்கும் பீடிக்கும் போகாமல் மிஞ்சும். 220 நாள் கழித்து ஸ்கூல் ஃபீஸுக்கு முழுசாக ஆயிரம் கிடைக்கும்.

ரூதர்ஃபோர்ட் சொல்கிற விஷயம் எளிமையானது. பெரிய தொகை ஒன்று தேவைப்படும்போது, கையில் இருப்பதெல்லாம் சின்னச் சின்னத் தொகைகள். சின்னதைப் பெரிதாக்க ரெண்டு வழி. முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கினால் சேமிப்பு. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கட்டினால் கடன். ரெண்டுக்கும் மாசாமாசம் கட்டுகிற பணம் ஒன்றுதான். யார் முந்திக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது 15-ம் தேதியை யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலைக்காரர், கட்டட வேலைக்காரர், பூ விற்பவர் இவர்கள் வருமானத்துக்குத் தேதி கிடையாது. மழை பெய்தால் இல்லை, எஜமானியம்மா ஊருக்குப் போனால் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேதி போட்டு ஒரு பணம் வருகிறது. ஆயிரம் என்பது சின்னத் தொகைதான். தவறாமல் வரும் என்பதுதான் பெரிய சொத்து. நமக்கு பாங்க் லோன் கொடுப்பது நம் முகத்துக்காக அல்ல. ஒன்றாம் தேதி சம்பளத்துக்காக.

அந்தச் சொத்தின் மதிப்பை முதலில் புரிந்துகொள்வது யார்? நீங்கள் நினைப்பது சரி. வட்டிக்காரர்.

* * *

ஆகஸ்ட் 15 வந்தது. அந்தம்மா ஏ.டி.எம். பக்கம் போகவில்லை. சுதந்திர தின லீவு என்று நினைத்தேன். செப்டம்பர் 15-லும் போகவில்லை.

"என்னம்மா, கோழியைப் பாக்கப் போகலையா?"

பதில் இல்லை. பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்டது. என் மனைவிதான் மெதுவாகப் பேசி விஷயத்தை வாங்கினாள். கார்டு வட்டிக்காரரிடம் இருக்கிறது. ரகசிய நம்பரோடு.

நான் அட்வைஸ் பண்ணின அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்திருக்கிறது. "மாசா மாசம் ஆயிரம் வருதில்ல, கார்டைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறார். 10,000 ரூபாய் அஞ்சு வட்டிக்கு. அதாவது நூற்றுக்கு மாசம் அஞ்சு. முதல் மாச வட்டி 500-ஐப் பிடித்துக்கொண்டு கையில் 9,500. அதற்கப்புறம் 15-ம் தேதிதோறும் அவரே ஆயிரத்தை எடுத்து, 500-ஐ வட்டியாக வைத்துக்கொண்டு, மிச்சம் 500-ஐ நாணயமாக இவரிடம் கொடுத்துவிடுவார். அசல்? அது பத்தாயிரமாக அப்படியே இருக்கும். மொத்தமாகக் கொடுத்தால்தான் கார்டு.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, கை விரலே போதும். வருஷத்துக்கு அரசாங்கம் தருவது 12,000. அதில் வட்டிக்காரருக்கு 6,000. வட்டி 60 சதவீதம். இப்படியே ரெண்டு வருஷம் போனால் 12,000 வட்டி கொடுத்த பிறகும் 10,000 கடன் பாக்கி இருக்கும். குடும்பத் தலைவிக்கான உரிமைத் தொகையில் பாதி வட்டிக்காரரின் உரிமைத் தொகை.

கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே இருக்கிறது. "போலீசுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரு ஸார் குடுப்பா, போலீசா?" என்றார் அந்தம்மா. சட்டத்தின் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் அச்சாகவில்லை.

கோபத்தில் என் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டையும் எடுத்துப் பார்த்தேன். பாக்கி வைத்தால் மாசம் 3.5 சதவீதம். வருஷத்துக்கு 42. அந்த ஓட்டல் பில் இன்னும் அதில்தான் உட்கார்ந்திருந்தது. என் வட்டிக்காரரும் சளைத்தவர் அல்ல. ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து 'டியர் கஸ்டமர்' என்று எழுதுகிறார், அவ்வளவுதான்.

* * *

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. மாசாமாசம் அரசாங்கப் பணம் வரும் இடங்களில் எல்லாம் இந்தக் கதை வேறு வேறு உடையில் நடந்திருக்கிறது.

தென் ஆப்பிரிக்காவில் முதியோர், குழந்தைகள் உதவித்தொகையை விநியோகிக்கும் காண்ட்ராக்ட் 2012-ல் ஒரு தனியார் கம்பெனிக்குப் போனது. அதே குழுமத்தைச் சேர்ந்த மற்ற கம்பெனிகள் அதே மக்களுக்குக் கடன், செல்போன் ரீசார்ஜ், ஈமச் சடங்கு இன்ஷூரன்ஸ் எல்லாம் விற்றன. பணம் எங்கே பிடிப்பது? உதவித்தொகை கைக்கு வருவதற்கு முன்னாலேயே கணக்கில் பிடித்துவிடுவார்கள். கிழவி வந்து பார்த்தால் பாதிப் பணம் இல்லை. பிளாக் ஸாஷ் என்கிற பெண்கள் அமைப்பு 'எங்கள் உதவித்தொகையில் கை வைக்காதே' என்று இயக்கம் நடத்தியது. விவகாரம் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போய், 2018-ல் பட்டுவாடா தபால் ஆபீசுக்கு மாறியது. கம்பெனிகளை விடுங்கள். அங்கே தெரு வட்டிக்காரருக்கு 'மஷொனிசா' என்று பெயர். அடமானமாக வாங்கி வைத்துக்கொள்வது? உதவித்தொகைக் கார்டும் ரகசிய நம்பரும். அந்தம்மாவிடம் சொன்னேன். "அங்கயுமா?" என்றார். குரலில் கொஞ்சம் ஆறுதல்.

பிரேசிலில் வட்டிக்காரர் வேலையை அரசாங்க பாங்கே செய்தது. 2022 அக்டோபரில், ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவில், உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்குக் கடன் திட்டம் தொடங்கியது. மாசத் தவணை, உதவித்தொகையிலிருந்து நேராகப் பிடித்தம், அதிகபட்சம் 160 ரெயால். ரெயால் அந்த ஊர்ப் பணம். 24 மாசம், வட்டி மாசம் 3.5 சதவீதம் வரைக்கும். இந்தக் கணக்கில் 2,569 ரெயால் வாங்கினவர் திருப்பிக் கட்ட வேண்டியது 3,840. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். தேர்தல் முடிந்து அரசாங்கம் மாறியதும், 2023 ஜனவரியில் அந்த பாங்க் கடன் கொடுப்பதை நிறுத்தியது. தவணை பிடிப்பது உடனே நின்றுவிடுமா? கடன் வாங்கினவர் வீட்டில் சோற்றுக்கான பணம் குறைந்துகொண்டே இருந்தது.

ஆக, ஏழைக்குக் கடன் கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. கெட்ட கடன் வீடு தேடி வருகிறது, ஃபாரம் கேட்பதில்லை, ராத்திரி எட்டு மணிக்கும் கிடைக்கிறது. நல்ல கடனுக்கு முறை வர வேண்டும். சேமிப்புக்கோ அவரே வெயிலில் போய் வரிசையில் நிற்க வேண்டும், நின்றால் 590 ரூபாய் பிடிப்பார்கள்.

* * *

மெக்ஸிகோவில் மட்டும் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அங்கே 1997-லிருந்து ஏழைத் தாய்மார்களுக்கு உதவித்தொகை உண்டு. பணம் பாங்கில் விழும். ஆனால் விழுந்த அன்றே எல்லோரும் சுத்தமாக வழித்து எடுத்துவிடுவார்கள். 2009-லிருந்து படிப்படியாக அவர்களுக்கு ஏ.டி.எம். கார்டு கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. கார்டு கிடைத்ததும் தாய்மார்கள் முதலில் செய்தது பாலன்ஸ் பார்ப்பதுதான். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பணம் குறையவில்லை. நாளாக ஆகப் பார்ப்பது குறைந்தது. அதற்கப்புறம்தான் பணத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்க ஆரம்பித்தார்கள், சேமிப்பு ஏறியது. 2021-ல் இந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது.

அவர்களுக்கு யாரும் சிக்கனம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. நம்பிக்கை வந்தது, பணம் தங்கியது. அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீர் என்றது. போட்ட கோழி இருக்கிறதா என்று அந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஒன்பது மாசமாக ஒரு பாங்கின் நாணயத்தைப் பரீட்சை பண்ணிக்கொண்டிருந்தார். பாஸ் மார்க் போடுகிற சமயத்தில் ஃபீஸ் வந்தது, நான் அட்வைஸ் பண்ணினேன், கார்டு போயிற்று.

மீட்டது நான் இல்லை. இந்த இடத்தில் ஒரு கதாநாயகச் செயலை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். மீட்டது அவருடைய மகளிர் குழு. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1992-ல் நபார்டு 500 குழுக்களை பாங்குகளோடு இணைத்துப் பார்த்த சோதனை என்று முப்பது வருஷத்துக்கு மேல் வேர் பிடித்த மரம் இது. மாசம் நூறு நூறாகப் போட்ட பணம், அதைப் பார்த்து பாங்க் கொடுத்த பணம் எல்லாம் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜூனில் கேட்டபோது அவர் முறை வரவில்லை. அதனால்தான் "ரெண்டே மாசம் ஸார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அது கெஞ்சல் இல்லை, கணக்கு. குழுவில் ஒருத்தருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்து அவர் முறை இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போனது.

செப்டம்பர் கடைசியில் முறை வந்தது. 10,000 ரூபாய், ஒரு ரூபாய் வட்டி, மாசம் ஆயிரம் அசல், பத்து மாசம். முதல் மாசம் வட்டி 100, அடுத்த மாசம் 90, அப்புறம் 80 என்று இறங்கி மொத்த வட்டி 550. வட்டிக்காரரிடம் பத்து மாசத்துக்கு 5,000, அசல் பாக்கி. அதே பத்தாயிரம், அதே பத்து மாசம், அதே பெண்மணி. இதைத்தான் 'நிதிச் சேவைகளின் அணுகல்' என்று கருத்தரங்குகளில் ரெண்டு நாள் டீ குடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கார்டு கைக்கு வந்த அன்று அந்தம்மா நேராக ஏ.டி.எம்.முக்குப் போய் ரகசிய நம்பரை மாற்றினார். பிறகு ஒரு ஸ்லிப் எடுத்தார்.

* * *

ஆபீஸ் போகும் வாசகர்களே, உங்களிடம் ரெண்டு வேண்டுகோள்.

ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், ஆபீஸ் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் யாருக்காவது அரசாங்கப் பணம் வந்தால், பாஸ் புக்கை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். 2025-ல் பல பொதுத்துறை வங்கிகள் மினிமம் பாலன்ஸ் அபராதத்தையே எடுத்துவிட்டன. ஆனால் எல்லா பாங்கும் அல்ல, எல்லாக் கணக்கும் அல்ல. சாதாரணக் கணக்காக இருந்தால் அடிப்படைக் கணக்காக மாற்ற வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஜன் தன் கணக்கை ஆறு மாசம் ஒழுங்காக நடத்தினவர் 10,000 ரூபாய் வரைக்கும் ஓவர்டிராஃப்ட் கேட்கலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. தருவது பாங்க் கையில், ஆனால் கேட்பது நம் கையில். தபால் ஆபீசில் மாசம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம். 12 தவணை ஒழுங்காகக் கட்டினால் சேர்ந்ததில் பாதி வரைக்கும் அங்கேயே கடன் கிடைக்கும். பணம் வருகிற தேதிக்கு மறுநாளே தவணை கட்டிவிடும்படி பழகிக்கொண்டால், வட்டிக்காரரை ஒரு நாள் முந்திவிடலாம்.

இரண்டு. யாராவது வந்து தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றால், இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அட்வைஸ் மட்டும் வேண்டாம். அதற்கும் வட்டி உண்டு, அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். என் அட்வைஸுக்கு அந்தம்மா கட்டின வட்டி, முன்கூட்டிப் பிடித்ததோடு கார்டில் போனதும் சேர்த்து 2,000 ரூபாய்.

போன மாசம் தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். அறுபது ரூபாய். போனில் பணம் அனுப்பினால் போகவே இல்லை. சர்வர் பிஸியாம். பர்ஸில் கார்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. தேதி 27. வண்டிக்காரர் என்னையும் வெண்டைக்காயையும் மாறி மாறிப் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மடித்த ஐம்பது ரூபாய், ஒரு பத்து ரூபாய். நோட்டில் லேசாகக் கடுகு வாசனை.

"1-ம் தேதி குடுங்க ஸார்" என்றார் அந்தம்மா. "2-ம் தேதின்னா உங்ககிட்ட இருக்காது."